ஆர்கானிக் தேனும் அண்ணாமலையின் மகளும்

குழந்தைகளுக்கான சாப்பாடு விற்கிற தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு: சாப்பிடுகிறவர் கடைக்கு வந்து சண்டை போடமாட்டார். அசௌகரியமும் அதேதான். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா, அப்பா, அத்தை, மாடி வீட்டு மாமி என்று எல்லோரும் வந்து போட்டுவிட்டுப் போவார்கள்.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஏழு வருடமாக ஆர்கானிக் கடை நடத்துகிறேன். கேழ்வரகு, சத்துமாவு, நேந்திரங்காய்ப் பொடி, சிவப்பரிசி அவல் என்று குழந்தைகளுக்கென்றே ஓர் அலமாரி ஒதுக்கியிருக்கிறேன். அந்த அலமாரியின் முன்னால் நின்றுகொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்த பெற்றோர்களே, அவர்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்த சக கடைக்காரர்களே, இதெல்லாம் நமக்குள் இருக்கட்டும். சிரிக்கிற மாதிரி சிலதைச் சொல்கிறேன். என் வாய்க்கொழுப்பால் ஒரு பச்சைக்குழந்தைக்கு என்ன ஆனதோ என்று ஒரு மதியம் முழுக்க நான் நடுங்கியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வண்டுதான் சாட்சி

ஏழு மாதப் பையனுக்குக் கூழ் காய்ச்ச முழுக் கேழ்வரகு வாங்கிப்போன ஒரு டீச்சர், பத்து நாள் கழித்துப் பாக்கெட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார். "ஒரு வண்டுகூட வரலைங்க. மருந்து அடிச்சதுதானே இது?" என்றார். நன்றாகக் காயவைத்து, மூட்டைக்குள் வேப்பிலை போட்டு வைப்பேன், அதனால்தான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பரீட்சையில் காப்பி அடித்த பையனின் சமாதானத்தைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்.

அதே நேரத்தில் பேங்கில் வேலை பார்க்கும் ஒரு சார் உள்ளே வந்தார். அவருக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை. அதே மூட்டையில் அளந்து கொடுத்த கேழ்வரகைக் கவுண்டரில் வைத்து, "ரெண்டு வண்டு ஓடுது மேடம், இதையா கொழந்தைக்குக் குடுக்கச் சொல்றீங்க?" என்று குரலை உயர்த்தினார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டீச்சர் அவருடைய பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வண்டு ஓடியது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. தன் பாக்கெட்டை சாரின் கையில் கொடுத்துவிட்டு, வண்டு பாக்கெட்டைத் தன் கூடையில் போட்டுக்கொண்டார். சார் திகைத்துப்போய் நின்றதைப் பார்த்து அவரே விளக்கமும் சொன்னார்: "வண்டே தொடாததை என் புள்ள வாய்ல எப்படி சார் வெக்கறது?"

காற்றுக்குப் பொறுப்பு

ஆசிரமம் பக்கத்தில் வீடு எடுத்துத் தங்கி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஓர் இளம் ஜோடி. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து முதல்முதலாகச் சோறு ஊட்டப் போகிறார்கள். அதற்காக என்னிடம் கேட்ட கேள்விகளை வங்கிக் கடனுக்குக்கூட யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். விதை எங்கே வாங்கியது, எரு யார் வீட்டு மாட்டுடையது, சர்டிபிகேட் உண்டா என்று போய்க்கொண்டே இருந்தது. நல்லவேளையாக எனக்குக் கேழ்வரகு போடும் தனபால், கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி, அப்போதுதான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். "அவரையே கேளுங்க" என்று தள்ளிவிட்டேன்.

தனபால் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். எத்தனை வருடமாக மருந்து அடிப்பதில்லை, பூச்சி வந்தால் என்ன கரைசல் தெளிக்கிறார், போன வருடம் விளைச்சல் எவ்வளவு கம்மி என்பதுவரை சொன்னார். குழந்தையின் அப்பாவான அந்தப் பையன் திருப்தியாகிக் கடைசியாக ஒன்று கேட்டான்: "அப்ப நூத்துக்கு நூறு சுத்தம்னு சொல்லலாம் இல்ல?" தனபால் கொஞ்சம் யோசித்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரம் முடிந்தது, ஆனால் அந்த மனிதருக்கு அது வராது. "பக்கத்துக் கொல்லைக்காரன் மருந்து அடிக்கறான் தம்பி. என் கொல்லைக்கு நான் ஜவாப்தாரி. காத்துக்கு யாரு ஜவாப்தாரி?"

அந்த ஜோடி அன்றைக்கு வாங்கியது மட்டுமில்லை, இன்றைக்கு வரைக்கும் தனபால் கேழ்வரகைத்தான் வாங்குகிறார்கள். நான் ஆயிரம் முறை நூற்றுக்கு நூறு என்று சொல்லியும் வராத நம்பிக்கை அவர் சந்தேகப்பட்டுச் சொன்ன ஒரு பதிலில் வந்துவிட்டது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. அன்று மாலை கடையில் உதவிக்கு இருக்கும் மல்லிகாவிடம் புலம்பினேன். அவள் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அவரு வெவசாயம் பண்றாருக்கா. நீங்க வெளம்பரம் பண்றீங்க."

முக்கால் மணி நேரப் படிப்பு

இத்தாலியிலிருந்து வந்து சீசனுக்கு அறை எடுத்திருந்த ஒரு பெண். இடுப்பில் பத்து மாதப் பையன், கையில் பூதக்கண்ணாடி. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பூதக்கண்ணாடி. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வைத்திருந்தார். உப்பு இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, பால்பவுடர் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பாக்கெட்டாகப் பார்த்தார். ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அது சரியான விஷயம்தான் என்பதால் நானும் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டேன்.

பையன் நெளிந்தான். வெளியே காத்திருந்த ஆட்டோ டிரைவர் கதிர், "குடுங்கம்மா, நான் வெச்சிருக்கேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பெண் முக்கால் மணி நேரம் படித்தார். கடைசியில் எதுவும் சேராத வெறும் சிவப்பரிசி மாவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். அப்போது கதிர் வாசலில் நின்று, ஈரம் சொட்டுகிற ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினார். எம்பெருமான் டாலர், ஒரு பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம், எல்லாம் கோத்த சாவிக்கொத்து. "படிச்சது போதும்னு சொல்லுங்கக்கா. தம்பி என் வண்டி சாவியை முழுசா சாப்ட்டு முடிச்சிட்டான்."

தேன் வேண்டாதவர்

வந்தவாசி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு நயினார் வருவார். தலைமுறை தலைமுறையாக அங்கேயே நிலம் வைத்து விவசாயம் பார்க்கும் சமணக் குடும்பம். எட்டு மாதப் பெண்ணுக்குச் சத்துமாவு வாங்க வந்தவர், "கேரட் பொடி கலந்திருக்கா?" என்று கேட்டார். மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு அவர்கள் வீட்டில் ஆகாது. கலக்காததை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தச் சமயம் என் கடையில் ஜவ்வாது மலைத் தேன் புதிதாக வந்திருந்தது. அதன் மேல் எனக்குப் பைத்தியம். வருகிறவர் போகிறவர் தலையிலெல்லாம் கட்டிக்கொண்டிருந்தேன். "பச்சிளம் குழந்தைக்கும் ஏற்ற தூய மலைத்தேன்" என்று அட்டையில் நானே எழுதி, சுற்றிலும் கொடி வரைந்து தொங்கவிட்டிருந்தேன். "சக்கரைக்குப் பதிலா ஒரு சொட்டு விட்டுக் குடுங்க, கொழந்தை சப்புக்கொட்டிச் சாப்பிடும்" என்றேன் நயினாரிடம். வேண்டாம் என்று தலையசைத்தார். சுத்தமானது என்றேன். அதற்கும் தலையசைத்தார். கூட்டைக் கலைக்காமல் எடுத்தது என்றுகூடச் சொன்னேன், அது உண்மையா என்று தெரியாமலே. அவர் கோபப்படவில்லை, பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அது தேனீ தன் புள்ளைங்களுக்குச் சேத்து வெச்சதும்மா."

நான் பேசிய பேச்சு

இனிமேல் சொல்லப்போவதில் சிரிக்க அதிகம் இல்லை. ஒரு திங்கட்கிழமை, இருபத்தைந்து வயசுப் பையன் ஒருவன் முகமெல்லாம் பல்லாகக் கடைக்குள் வந்தான். பெயர் அண்ணாமலை. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்றும் குட்டியானை லாரி ஓட்டுகிறவன். முதல் நாள்தான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் சேனை வைக்க வேண்டும், நல்ல தேனாகக் கொடுங்கள் என்றான். பிறந்த குழந்தையின் நாக்கில் முதலில் ஒரு துளி இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. நம் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது.

பாட்டிலைக் கையில் வாங்கிய பிறகு அவன் தயங்கினான். "ஆஸ்பத்திரில நர்ஸம்மா தாய்ப்பாலைத் தவிர ஒண்ணுமே குடுக்கக்கூடாதுன்னாங்க மேடம். தேன்னு பேரைச் சொல்லியே திட்டுனாங்க." அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "அது கலப்படத் தேனுக்குச் சொல்றதுப்பா. பாகு காய்ச்சி ஊத்தி விக்கிறானுங்க இல்ல, அதுக்கு. இது ஆர்கானிக். மருந்து இல்ல, கலப்பு இல்ல. இதைவிடச் சுத்தமா உன் பொண்ணுக்கு எது கிடைக்கும்?" ஒரு டாக்டரைப் போலச் சொன்னேன். எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை. மருந்து அடிக்காதது என்றால் எல்லாருக்கும் எல்லா வயதிலும் நல்லது என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. பாட்டிலைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான். "நீங்க சொன்னா சரிங்க மேடம். உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

அழகான கையெழுத்து

புதன்கிழமை பதினொரு மணி இருக்கும். கிராமங்களில் வீடுவீடாகப் போய்த் தாய், குழந்தைகளைப் பார்க்கும் ஒரு நர்ஸ் தன் குழந்தைக்குக் கேழ்வரகு மாவு வாங்க வந்தார். மாவை எடுத்தவர் என் அட்டையை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். "இதை யாருக்கா எழுதுனது?" என்றார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து, நான்தான் என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு வயது முடிகிறவரைக்கும் குழந்தைக்கு ஒரு துளித் தேன்கூடக் கூடாது என்றார். தேனில் சில சமயம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியின் வித்து இருக்கும். பெரியவர்கள் வயிறு அதைச் சமாளித்துவிடும், பச்சைக்குழந்தை வயிறு சமாளிக்காது. அபூர்வமாகத்தான் வரும், ஆனால் வந்தால் குழந்தைக்குப் பால் குடிக்கவும் அழவும்கூடத் தெம்பு இருக்காது, மூச்சே முட்டலாம். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது என்றார். "இது ஆர்கானிக்குங்க, சுத்தமானது" என்றேன். எனக்கே என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. "சுத்தமான தேன்லயும் இருக்கும்க்கா. மருந்து அடிச்சதா இல்லையாங்கறது வேற கணக்கு, இது வேற கணக்கு." இத்தாலிப் பெண்ணுக்குப் போட்டுக்கொடுத்த ஸ்டூலில் நானே உட்கார்ந்தேன். அவர் மாவைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு முறை அட்டையைப் பார்த்தார். "கையெழுத்து அழகா இருக்குக்கா. கழட்டிடுங்க."

எந்த அண்ணாமலை

கழற்றி நாலாகக் கிழித்தேன். நம்பர் தெரிந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் போன் போட்டேன். நல்லகாலம், தேன் வாங்கியவர்களில் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. நான் அறிய, பச்சைக்குழந்தைக்கென்று வாங்கிப்போனதில் மிச்சம் அண்ணாமலை ஒருவன்தான். அவன் நம்பர் என்னிடம் இல்லை. குழந்தை வீட்டுக்கு வந்திருக்கும். சேனை வைத்திருப்பார்கள். மல்லிகாவிடம் கடையை ஒப்படைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

கீழ்பென்னாத்தூர் போகிற வழியெல்லாம் எனக்கு அந்தப் பையனின் முகம்தான். ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சரியாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைக் கலைத்துவிட்டது நான். குழந்தைக்கு ஏதாவது என்றால் அந்தத் தேனையோ மலையையோ யாரும் குறை சொல்ல முடியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தை வீறிட்டு அழுதபோது எல்லோரும் முகம் சுளித்தார்கள். எனக்கு மட்டும் அந்தத் தெம்பான அழுகை கேட்க நன்றாக இருந்தது.

வண்டிகள் நிற்கும் இடத்தில் விசாரித்தேன். "அண்ணாமலைன்னா எந்த அண்ணாமலை? இந்த ஸ்டாண்டுலயே நாலு பேரு இருக்கான்" என்றார்கள். இந்த ஜில்லாவில் அந்தப் பெயரைச் சொல்லி ஆளைத் தேடுகிறவளை நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது. சிவப்பாக இருப்பானா, நெட்டையா, எந்தத் தெரு என்று கேட்டார்கள். நான் பல்லைத்தவிர எதையும் கவனித்திருக்கவில்லை. புதுசாகப் பெண் பிறந்தவன் என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் உடனே டம்ளரைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழம ஸ்டாண்டு முழுக்க ஜாங்கிரி குடுத்தானே, அவனா? ஏறுங்க, வூட்டாண்டயே வுட்டுடறேன்."

சேனை

தெருமுனையில் இறங்கும்போதே அந்த வீட்டிலிருந்து கூச்சல் கேட்டது. பெண்குரல் ஒன்று ஓங்கி ஒலித்தது, அதற்கு மேலே ஓர் ஆண்குரல். நாலைந்து பேர் வாசலில் கூடியிருந்தார்கள். எனக்கு உயிர் போய்விட்டது. குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது, நான் வந்து சேர்ந்தது தாமதம் என்றே நினைத்தேன். அழுதுகொண்டே கூட்டத்தை விலக்கி உள்ளே போனேன்.

உள்ளே நடந்தது வேறு. சேனை வைக்கிறவரின் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பார்கள் அல்லவா? அண்ணாமலையின் அக்கா, குழந்தைக்கு அத்தை, தான்தான் வைக்க வேண்டும் என்று நின்றார். தாய்மாமன், தானிருக்க யார் வைப்பது என்று நின்றார். "உன் முன்கோபம் எங்க வூட்டுப் பொண்ணுக்கு எதுக்கு?" என்று அத்தை கேட்க, "உன் வாயி மட்டும் வரலாமா?" என்று மாமன் கேட்க, முந்தின நாள் சாயங்காலம் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. என் தேன் பாட்டில் மூடி திறக்காமல் டிவி மேல் உட்கார்ந்திருந்தது. நான் அதைத் தாவி எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு, தெரியாமல் பெரிய மனுஷி மாதிரிப் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அத்தைதான் முதலில் பேசினார்: "விக்கறதுக்கு வூடு தேடி வர்றவங்களைப் பாத்திருக்கேன். வித்ததைப் புடுங்கினு போறதுக்கு பஸ் ஏறி வந்தவங்களை இப்பதான் பாக்கறேன்."

கோபித்துக்கொண்டாரா, பாராட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் தகுதியானவளாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்போது அடுத்த அறைக் கதவு திறந்தது. அண்ணாமலையின் மனைவி செல்வி, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள். குழந்தையின் கடைவாயில் பால் வழிந்திருந்தது. நல்ல தெம்பாகக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. செல்வி நாத்தனாரையும் பார்த்தாள், அண்ணனையும் பார்த்தாள், அழுது வீங்கின முகத்தோடு பாட்டிலைக் கட்டிப் பிடித்திருந்த என்னையும் பார்த்தாள். "பொறந்த அன்னிக்கே நான் பாலைக் குடுத்தாச்சு. மொதல்ல நாக்குல பட்டது அதுதான், சேனை முடிஞ்சுபோச்சு. என் கொணம் வந்தாச்சு, எல்லாரும் போயி வேலையைப் பாருங்க."

ஏழு வருடமாக ஊருக்கெல்லாம் கலப்படமில்லாத பொருள் விற்கிற என்னிடமிருந்து அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது, கலப்படமே இல்லாத ஒரு குடும்பச் சண்டை.